பெட்டிகள் குடியிருந்த அறை

என் அக்காவின் கணவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லும்படி யாராவது கேட்டால், இரண்டோடு எனக்கு வாய் அடைத்துப்போகும். குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். அவ்வளவுதான். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஜெர்மனியில் நாங்கள் இருக்கிற இந்த டோர்ட்மண்டில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று விளங்கிவிடும், அக்காவுக்கு முகம் கோணும். அத்தான் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

அத்தான் பழைய ரிவோல்வர் சேர்த்தவர். எங்கள் ஆட்கள் இங்கே வந்து தங்கம் சேர்த்தார்கள், சீட்டுப் பிடித்தார்கள், ஊரில் காணி வாங்கிப் போட்டார்கள். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாடு விட்டு ஓடிவந்த ஒருத்தர் துவக்குச் சேர்ப்பதை நான் இவரிடம்தான் கண்டேன். அதுவும் சும்மா துவக்கு இல்லை. தோட்டா என்ற ஒன்று புழக்கத்துக்கு வருவதற்கு முந்திய காலத்து ரிவோல்வர்கள். உருளையில் இருக்கிற ஒவ்வொரு துளைக்குள்ளும் வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை அமுக்கி, பின்பக்கம் பொத்தான் அளவில் ஒரு செப்புத் தொப்பியைச் செருகிச் சுட வேண்டுமாம். ஒவ்வொன்றும் தனக்கென்று செய்த மரப்பெட்டியில் படுத்திருக்கும். உள்ளே பச்சைக் கம்பளித் துணி, அதில் அளவாக வெட்டிய பள்ளங்கள். ஒன்றில் வெடிமருந்துக் குடுவை, ஒன்றில் குண்டு வார்க்கிற அச்சு, ஒன்றில் எண்ணெய்ப் போத்தல். மூடிக்கு உட்புறம் செய்தவரின் பெயர் அச்சடித்த பழுப்புக் கடதாசி. நடுவில் துரையைப் போல அந்த ரிவோல்வர். அப்படி ஆறு பெட்டிகள் வைத்திருந்தார்.

பார்க்க வடிவுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வடிவைப் பார்க்க நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! அவர் வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி பிறகுதான். முதலில் குளியலறைக்கு அனுப்புவார். சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, துடைத்து, அவர் நீட்டுகிற வெள்ளைப் பஞ்சுக் கையுறையை மாட்டிக்கொண்டு வந்து நிற்க வேண்டும். பிறகும் தொட விடமாட்டார். கையுறையோடு நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

கைகளைப் பற்றி அவருக்கு ஒரு சாத்திரமே இருந்தது. சில பேருடைய வேர்வையில் உப்பு அதிகமாம். அவர்கள் இரும்பைத் தொட்டால் அந்த இடத்தில் துருப் பிடிக்குமாம். அப்படிப்பட்டவர்களுக்குத் துருக்கை என்று பெயர் வைத்திருந்தார். நான் முதல்முறை போனபோது ஒரு மினுக்கிய இரும்புத் துண்டைத் தந்து, கொஞ்ச நேரம் பிடிக்கச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். விளையாட்டு என்று நினைத்தேன். அடுத்தமுறை போனபோது அதைக் கொண்டுவந்து காட்டினார். என் பெருவிரல் ரேகை, கோடு கோடாகத் துருவில் பதிந்து கிடந்தது. அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற போகிறவர்களுக்கெல்லாம் அந்தத் துண்டைக் காட்டி, இது என் மச்சாளின் கை என்பார். நான் ஆசுப்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க ஆவிக்குள் நிற்கிற கை வேர்க்காமல் என்ன செய்யும்? அந்த மனிதர் முகத்தில் அந்த இரும்பைத் தூக்கி எறிய வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

அக்காவின் கை காய்ந்த கை என்று அவருக்குச் சரியான பெருமை. அந்தக் கலியாணத்தில் அவர் கண்ட பொருத்தம் அது ஒன்றுதானோ என்று நான் யோசிப்பதுண்டு. அப்படியிருந்தும் அவளையும் கையுறை இல்லாமல் கிட்டப் போக விட்டதில்லை.

அந்த ரிவோல்வர்களை வீட்டில் வைத்திருக்க அரசாங்கம் ஒரு சிவப்பு அட்டை கொடுத்திருந்தது. சேகரிப்பவர்களுக்கென்று தனி அட்டை. லேசில் கிடைக்காது. படிக்க வேண்டும், எழுதிக் கொடுக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஆள் நம்பத் தகுந்தவர் என்று பொலிஸ் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு ஜெர்மனில் ஒரு நீளச் சொல் உண்டு, சுஃபர்லெசிக்கைற் என்று. அத்தான் வாயில் அந்தச் சொல் வராத நாள் இல்லை. சனமில்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நின்றுதான் போவார். ஒரு கூட்டத்துக்கு வரமாட்டார், ஒரு ஊர்வலத்துக்கு வரமாட்டார். கலியாண வீட்டில் யாரும் குரலை உயர்த்தினால் கோட்டை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவார். ஒருமுறை ஒரு விருந்தில், துவக்குக்குப் பயந்து வந்தவர் ஏன் அதையே கட்டிக்கொண்டு இருக்கிறீர்கள் என்று யாரோ கேட்டுவிட்டார்கள். அங்கே துவக்கு என்னை வைத்திருந்தது, இங்கே நான் துவக்கை வைத்திருக்கிறேன் என்றார். எல்லோரும் ஆகா என்றார்கள். அதையே அவர் அதற்கு முந்தின மாதம் தன் வேலைத்தலத்து ஜெர்மன்காரருக்கு ஜெர்மனில் சொன்னதை நான் கேட்டிருந்தேன்.

அரசாங்கமே என்னை நம்புது என்று அக்காவிடம் அடிக்கடி சொல்லுவார். அவள் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அது மட்டும் அவரால் ஏலவில்லை.

அவள் கேட்டது ஓர் அறை. எங்கள் அம்மா ஊரிலிருந்து வந்து என்னோடுதான் இருந்தார். என் வீடு மூன்றாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன; சமதரையில் தடியை ஊன்றி நடப்பார், படிதான் ஏலாது. வைத்தியரிடம் போகிற நாளில் என் கணவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்து, படிக்கு ஒரு முருகாவாகக் கீழே இறக்குவோம். மற்ற நாளெல்லாம் யன்னலடிதான். ஊரில் விடியமுன் எழும்பிக் கோயில், சந்தை, தோட்டம் என்று காலில் சில்லுப் பூட்டினது போலத் திரிந்த மனுசி, இங்கே தெருவில் போகிற நாய்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். பனி கொட்டுகிற மாரிகாலத்தில் மாதக்கணக்காக வெளிக்காற்றே படாது. நான் வேலைக்குப் போகக் கதவைத் திறக்கிற நேரமெல்லாம் அந்தப் படிகளைத்தான் பார்ப்பார்.

அக்காவின் வீடு நிலத்தளத்தில். வாசலுக்கு ஒற்றைப் படி. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. படுக்கை அறை ஒன்று, முன்னறை ஒன்று, அதோடு வெயில் விழுகிற ஒரு நல்ல அறை. அந்த நல்ல அறையில்தான் இரும்புப் பெட்டகத்துக்குள் ஆறு பெட்டிகளும் குடியிருந்தன.

அந்த அறைச் சுவரில் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம் தொங்கியது. காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டுகிற முள். அது கொஞ்சம் ஏறினால் அத்தானுக்கு இரத்தம் ஏறும். அந்த முள்ளுக்காக அக்கா வீட்டில் புட்டு அவிக்கக் கூடாது, இடியப்பம் அவிக்கக் கூடாது. கேட்டீர்களா அநியாயத்தை? புட்டு அவிக்காத யாழ்ப்பாணத்து வீடு! அக்கா மாவும், புட்டு அவிக்கிற ஓலை நீத்துப்பெட்டியுமாக பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்து, அவித்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போவாள். புட்டு அவருக்கு விருப்பமாம். நானாக இருந்தால் அந்தப் பானையை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். அவள் சூடு ஆறமுன் பஸ் வரவேண்டுமே என்றுதான் கவலைப்படுவாள்.

அம்மாவை அந்த அறைக்கு எடுப்போம் என்று அவள் கேட்டுக் கேட்டு அலுத்த பிறகு, ஒருநாள் என் முன்னால் வைத்தே கேட்டாள். தனக்காக நான் இரண்டு வார்த்தை கதைப்பேன் என்ற நம்பிக்கை. அத்தான் கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ஆளே இல்லை, அதுதான் எரிச்சல். என் பக்கம் திரும்பிப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவரைப் போலச் சொன்னார்.

"மாமியில எனக்கு ஒரு வெறுப்பும் இல்லை. ஆனா ஒரு ஆள் நித்திரையில விடுற மூச்சில எவ்வளவு ஈரம் இருக்கெண்டு உமக்குத் தெரியுமே? ஒரு பெரிய கிளாஸ் தண்ணி. ஒவ்வொரு இரவும் ஒரு கிளாஸ் தண்ணியை உந்தப் பெட்டியளுக்கு மேல ஊத்தச் சொல்லுறீரோ?"

அம்மா மூச்சு விட்டால் துவக்குத் துருப்பிடிக்கும். அதை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பெட்டகத்தைப் படுக்கை அறைக்கு மாற்றலாமே என்றேன். அங்கே ஏற்கனவே இரண்டு பேருடைய மூச்சு என்றார். நான் எழும்பி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால், அறைக்கு என்ன சொன்னவர் என்று யன்னலடியிலிருந்து அம்மா கேட்டார். யோசிக்கிறார் என்று சொல்லி வைத்தேன்.

அப்படியே மாரிகள் போயின.

பிறகு ஒரு நவராத்திரி. ஒன்பதாம் நாள் எங்கள் வீடுகளில் ஆயுத பூசை செய்வோம். கையால் பிழைக்கிற சனத்துக்கு அது பெரிய நாள். என் வீட்டில் தையல் மெசின், சுத்தியலும் குறடும் கிடக்கிற கணவரின் ஆயுதப் பெட்டி, காரின் முன்கண்ணாடி, பிள்ளைகளின் கணினி எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொள்ளும். அக்கா வீட்டில் எப்போதும் பூசையைச் சுருக்கமாக முடிப்பார்கள். ஊதுவத்திப் புகை பெட்டிகளுக்கு ஆகாது. அந்த வருடம் அத்தானுக்குப் பகல் வேலை. நான் கடலை அவித்துக் கொண்டுபோய் மணியை அடித்தேன். அக்கா கதவைத் திறந்தாள். தலைக்குக் குளித்து, பட்டுச் சேலை கட்டி, முகமெல்லாம் ஒரு வெளிச்சம்.

முன்னறைக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து, அதில் ஆறு பெட்டிகளும் மூடி திறந்தபடி. ஆறு ரிவோல்வர்களின் குழலிலும் மூன்று கோடு சந்தனம், நடுவில் குங்குமப் பொட்டு. ஒன்றின் பிடி யானைத் தந்தம், அதில் நல்ல பெரிய பொட்டாகவே வைத்திருந்தாள். பச்சைக் கம்பளியில் செவ்வந்திப் பூக்கள். பக்கத்தில் வடை, அவல், கற்பூரத் தட்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, பெட்டகத்துப் பூட்டின் திறப்பு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். அவருடைய பழைய வேலைச் சப்பாத்துக்குள் அதை ஒளித்து வைப்பார் என்றும், அது கலியாணம் கட்டின காலந்தொட்டுத் தனக்குத் தெரியும் என்றும் சொன்னாள். ஏன் இந்த வேலை பார்த்தாய் என்றேன்.

"அவற்ர உயிர் உதுகளிலதானே கிடக்கு," என்றாள். "ஆயுதம் எண்டா வருசத்தில ஒரு நாள் ஒரு பொட்டாவது வைக்க வேணும். இத்தனை வருசம் வைக்காமல் விட்டதாலதான் அவற்ர மனம் இளகேல்லை. அம்மாவுக்கு அறை தரச்சொல்லித்தான் அதுகளிட்டயே கேட்டனான்."

அந்த மனிதரிடம் கேட்டுப் பயனில்லை என்று துவக்கிடம் போய்க் கேட்டிருக்கிறாள், என் கூடப்பிறப்பு. அவர் வரமுன் எல்லாவற்றையும் துடைத்து உள்ளே வைப்போம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் சத்தம் கேட்டது. அன்றைக்கென்று வேலை வெள்ளனவே முடிந்திருந்தது.

அத்தான் முன்னறை வாசலில் நின்று பார்த்தார். முதலில் அவர் கேட்டது, "வெறுங்கையாலயோ?"

அக்கா தலையாட்டினாள். அவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கையுறையை மாட்டி, எண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு நிலத்தில் இருந்து ஒவ்வொன்றாகத் துடைத்தார். செதுக்கு வேலைக்குள் இறுகின சந்தனத்தை ஒரு சின்ன மரக்குச்சியால் கிண்டினார். தந்தப் பிடியில் ஊறின குங்குமம் போகவில்லை. எவ்வளவு துடைத்தும் வெளிறிய சிவப்பாய் அப்படியே நின்றது. அக்கா சுவரோடு சாய்ந்து நின்று அழுதாள். அவர் ஒருமுறைகூட நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. ஏசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திராது.

எல்லாவற்றையும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தவர், எங்கள் இரண்டு பேரையும் இருக்கச் சொன்னார். முகம் வெளுத்திருந்தது. இன்றைக்கு நடந்தது இந்த நாலு சுவருக்கு வெளியில் போகக் கூடாது என்றார். அட்டை இல்லாத ஒருவர் கைக்கு அந்தத் திறப்புப் போனது தெரிந்தால் சுஃபர்லெசிக்கைற் போய்விடுமாம். அது போனால் அட்டை போகும். அட்டை போனால் ஆறு பெட்டியும் போகும்.

அந்த மனிதர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு மூன்றாம் மாடி யன்னல் நினைவுக்கு வந்தது. யோசிக்கவே இல்லை.

"டிசம்பரில நத்தாருக்கு முதல் அம்மா அந்த அறைக்கு வரவேணும், அத்தான்," என்றேன். "இல்லாட்டி நானே நேரம் கேட்டு ஒரு டெர்மின் எடுத்து, உங்களுக்கு அட்டை தந்த கந்தோருக்குப் போய், கண்ணால கண்டதைச் சொல்லுவன்."

"உம்மட அக்காவும் சேர்ந்துதான் மாட்டுப்படுவா."

"அக்கா பூசை செய்தவ. திறப்பை ஒழுங்கா வைக்காதது நீங்கள்."

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். வாயை மூடடி என்றாள். நான் மூடவில்லை. அவர் அப்போதுதான் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, சரி, மாமி வரட்டும் என்றார். நான் கடலைச் சட்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் பறந்தேன். அம்மாவுக்கு அறை கிடைத்துவிட்டது என்று படியிலேயே கத்திக்கொண்டு ஏறினேன்.

சொன்ன சொல் தவறவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். நத்தாருக்கு முதலே கூப்பிட்டு, அறை வெறுமையாக இருக்கிறது என்றார். போய்ப் பார்த்தால் அந்த அறை மட்டும் இல்லை, வீட்டில் பாதி வெறுமையாக இருந்தது. பக்கத்து ஊரில் ஒற்றை அறையும் குசினி மூலையுமாக ஒரு வீடு எடுத்திருந்தார். பெட்டகம் ஏற்கனவே போய்விட்டது. பெட்டிகளை அங்கே வைத்துவிட்டு நீங்கள் இங்கே இருக்கலாமே என்று கேட்டேன். ஆள் குடியிருக்காத இடத்தில் கைத்துவக்கு வைக்கச் சட்டம் விடாதாம். அதனால் தானும் போகிறாராம்.

"திறப்புத் தேடுற ஆக்களோடயும் மிரட்டுற ஆக்களோடயும் ஒரு கூரைக்குக் கீழ என்னால இருக்க ஏலாது," என்றார். "அறை கேட்டீர். வீட்டையே எடும்."

போய்த் தொலையட்டும் என்றுதான் எனக்கு இருந்தது. அக்காவும் அம்மாவும் நிம்மதியாக இருக்கட்டும், ஆசைதீரப் புட்டு அவிக்கட்டும். குசினிக்குள் போனேன். அக்கா சட்டிபானைகளைக் கடதாசியில் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்கே கட்டுகிறாய் என்றேன். அவள் நிமிரவில்லை.

"உனக்கு அவர் கெட்டவர். எனக்கு என்ர மனிசன். அந்த ஒற்றை அறையில அவருக்கு ஆர் சமைச்சுக் குடுக்கிறது?"

"அம்மாவை ஆர் பாக்கிறது? நீதானே அறை அறையெண்டு அழுதனீ?"

"நான் கெஞ்சிக் கேட்டனான். நீ மிரட்டி வாங்கினாய். அம்மாவுக்கு நீ இருக்கிறாய்தானே, நீயே பார்."

அன்று பின்னேரம் அவர் காரில் முன்னிருக்கையில் ஏறிப் போனாள். மடியில் நீத்துப்பெட்டி. இரண்டு பேருடைய மூச்சும் ஆறு பெட்டியும் ஒரே அறைக்குள் அடைபடப்போகிற அந்த வீட்டில் அது எதற்கு என்று அவளுக்கே தெரியாது. அவர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார். அந்தத் தலையசைப்புக்கு இன்றைக்கும் எனக்குப் பற்றி எரியும். என் தமக்கையைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார், அதுவும் ஒரு சத்தம் போடாமல்.

வீட்டுச் சொந்தக்காரரோடு கதைத்து, மூன்றாம் மாடியை விட்டுவிட்டு நாங்கள் குடும்பமாக அக்கா இருந்த நிலத்தள வீட்டுக்கு வந்தோம். அம்மாவைக் கதிரையில் வைத்து என் கணவரும் அவருடைய கூட்டாளியும் தூக்கி இறக்கினார்கள். வெயில் விழுகிற அறையில் கட்டில் போட்டோம். மூத்தவள் எங்கே என்று அம்மா கேட்டார். வேலை, தடிமன், பஸ் இல்லை என்று ஒவ்வொரு நாளும் ஒரு பொய் சொன்னேன். அக்கா தொலைபேசியையும் எடுக்கவில்லை. கடைசியில் பொய்யும் தீர்ந்து போய், கட்டிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பூசை, பொட்டு, திறப்பு, நான் மிரட்டினது, அக்கா போனது, இனி இந்தப் பக்கம் வருவாளோ தெரியாது என்பது வரை ஒன்றும் விடவில்லை. சொல்லி முடிக்கமுன் எனக்கே அழுகை வந்துவிட்டது. இப்படி ஒரு அறை எனக்கு எதற்கு, என் பிள்ளையைத் திருப்பிக் கூப்பிடு என்று கேட்பார் என நினைத்தேன்.

அம்மா சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தார்.

"மூண்டு மாரி நான் அந்த யன்னலுக்குள்ள கிடந்தனான், பிள்ளை," என்றார். "நீ இதை முதல் மாரியிலயே செய்திருக்க வேணும்."

பிறகு கோட்டைப் போட்டுவிடச் சொன்னார். தடியை ஊன்றி எழும்பி, பிடிக்க வந்த என் கையைத் தள்ளிவிட்டு, வாசல் படியைத் தாண்டி மூலைக் கடைவரை தனியாகப் போனார்.